பாலனுக்கு ஒரு போர்வை

நத்தார் இரவின் செய்தியை எழுதி வைத்த புனித லூக்காஸ் ஒரு வைத்தியர் என்பது திருச்சபையின் பழைய பாரம்பரியம். அதனாலேதானோ என்னவோ, வானதூதரின் ஒளியையும் மேய்ப்பரின் வியப்பையும் சொல்ல வந்தவர், ஒரு மருத்துவ மாது மட்டுமே கவனித்திருக்கக்கூடிய ஒரு சிறு காரியத்தையும் மறவாமல் எழுதினார். மரியன்னை தம் தலைச்சன் பிள்ளையைப் பெற்றதும் முதலில் என்ன செய்தார்? துணிகளால் சுற்றினார். அதன் பின்புதான் முன்னணையிலே கிடத்தினார். இரண்டாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்திலே இதைச் சொன்னவர், பன்னிரண்டாம் வசனத்திலே வானதூதரின் வாயிலும் அதையே வைக்கிறார். மேய்ப்பர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் விண்மீன் அல்ல, ஒளிவட்டமும் அல்ல. துணியிலே சுற்றப்பட்ட ஒரு குழந்தை!

நாமோ அந்தத் துணியைத் தாண்டி முன்னணைக்கு ஓடிவிடுகிறோம். பிரசங்கம் செய்கிற எங்களில் பலர் அதைக் கந்தலாக்கி, ஏழ்மையின் அடையாளமாகவே பேசிவந்திருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. ஞான ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்தில் அரசனாகிய சாலமோன், தாமும் எல்லாரையும் போல அழுதுகொண்டே பிறந்ததையும், துணியில் சுற்றப்பட்டுக் கவலையோடு வளர்க்கப்பட்டதையும் நினைவுகூருகிறார். எசேக்கியேல் இறைவாக்கினரோ பதினாறாம் அதிகாரத்தில், கழுவாமலும் துணியில் சுற்றாமலும் வெளியிலே எறியப்பட்ட ஒரு பெண்குழந்தையின் கதையைச் சொல்லி, அப்படிக் கைவிடப்பட்ட பிள்ளையே எருசலேம் என்கிறார். ஆகவே துணியிலே சுற்றுவது அந்த மக்களிடையே ஏழ்மையின் அடையாளம் அல்ல. இந்தப் பிள்ளை வேண்டிய பிள்ளை, இதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கான அடையாளம் அது. தொழுவத்தில் இடம் கிடைத்தது ஏழ்மை. ஆனால் அந்தத் தொழுவத்திலும் துணி ஆயத்தமாக இருந்தது. நாசரேத்திலிருந்து புறப்படும்போதே அந்தத் தாய் மூட்டையிலே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பாலன் குடில்களில் உள்ள சுரூபத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாலனுக்கு இடுப்பிலே ஒரு சிறு துண்டுதான் இருக்கும். கைகளை விரித்துக்கொண்டு வைக்கோலின் மேல் சிரித்தபடி கிடப்பார். சுரூபம் செய்தவர் லூக்காசின் சுவிசேஷத்தைக் கவனமாக வாசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். மரியன்னை கண்டால் முதலில் ஒரு துணி தேடுவார்.

பாலன் பிறந்தது குளிர் மாதத்திலா என்று வேதாகமம் சொல்லவில்லை. பெத்லகேம் ஏறத்தாழ 2,500 அடி உயரமான மலைப்பாங்கான ஊர், குளிர்காலத்து இரவுகள் அங்கே கடுமையானவை என்பது மட்டும் தெரியும். ஆனால் பிறந்த குழந்தைக்கு மாதக்கணக்கு அவ்வளவு பெரிதல்ல. தாயின் வயிற்றிலே 37 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்த பிள்ளை, நனைந்த உடலோடு வெளியே வருகிறது. நமக்கு இதமாக இருக்கிற காற்று அதற்குக் குளிர்காற்று. அதன் நிறையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு நம்முடையதைவிடப் பெரிது. தோல் மெல்லியது, அதன் அடியிலே கொழுப்பும் குறைவு. தலை மட்டுமே உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. வளர்ந்தவர்களுக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. பிடரியிலும் தோள்களுக்கு இடையிலும் கடவுள் வைத்து அனுப்பிய பழுப்பு நிறக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைக் காக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையிடம் அதுவும் போதியளவு இராது.

இதிலே அஞ்ச வேண்டிய காரியம் ஒன்று உண்டு. குளிர்ந்துபோன குழந்தை அழுது நம்மை எழுப்பாது. முதலில் பாதங்கள் சில்லிடும். பின்பு பிள்ளை சோரும், முலையை விடும், குரல் மெலியும். பால் குடியாத பிள்ளை மேலும் குளிரும், மேலும் குளிர்ந்தால் மேலும் குடியாது. சில வேளைகளில் முகமும் கைகால்களும் சிவந்து காணப்படும். தாய் அதைப் பார்த்துப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடுவாள். குழந்தையின் உடற்சூடு 36.5க்கும் 37.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும், 32 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே பெரும் ஆபத்து என்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

கடவுள் மனிதரானார் என்று விசுவாசப் பிரமாணத்திலே சொல்லித் தலை வணங்குகிறோமே, அந்த மனிதத்தன்மையில் இதெல்லாம் அடங்கும். 431ஆம் ஆண்டு எபேசுப் பொதுச்சங்கம் மரியன்னையைக் கடவுளின் தாய் என்று அறிக்கையிட்டதைப் பற்றிக் குருமடத்திலே பரீட்சை எழுதினோம். அந்தத் தாய் இரவிலே எழுந்து, கடவுளின் பாதத்தைத் தொட்டு, குளிர்கிறதா என்று பார்த்திருப்பார் என்பது எந்த வினாத்தாளிலும் வரவில்லை.

எனக்கு இதைப் படிப்பித்தவர் குருமடப் பேராசிரியர் அல்லர். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் அப்பாயி.

குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டில் சில மாதங்கள் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக் கோவில்களில் உதவிக்காக இருந்தேன். ஆறாயிரம் அடிக்கு மேலே உள்ள இடம். தை மாதத்தில் சில விடியல்களில் 5 பாகைக்கும் கீழே குளிர் இறங்கும். புல்லின் மேலே உப்பைத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும், தேயிலைக் கொழுந்தும் கருகிப்போகும். மார்கழியில் ஒரு போர்வையோடு சமாளித்துவிடுகிற யாழ்ப்பாணத்தானுக்கு அது வேறோர் உலகம். காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு பெண்குழந்தைக்குத் திருமுழுக்கு இருந்தது. பிறந்து முப்பது நாள். இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த நிறையோடு பிறந்த பிள்ளை என்று பின்புதான் அறிந்தேன். கோவிலுக்கு வெளியே பீப்பாயில் நின்ற தண்ணீரைக் கோவிற்பிள்ளை அள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீர் தாராளமாகத் தலையில் ஓட வேண்டும் என்று படித்தவன் அல்லவா, மூன்று முறையும் தாராளமாகவே ஊற்றினேன்.

முதல் முறை பிள்ளை வீரிட்டது. இரண்டாம் முறை மூச்சைப் பிடித்தது. மூன்றாம் முறை சத்தமே இல்லை. உதடுகள் நீலம் பாரித்தன. நான் பரிமளத் தைலத்தை எடுக்கத் திரும்புவதற்குள், அப்பாயி ஞானத்தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிவிட்டார். நனைந்த சட்டையைக் கழற்றி, சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டி, தம் இரவிக்கையை நெகிழ்த்தி, வெறும் மார்போடு பிள்ளையை அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாங்கிலே உட்கார்ந்தார். நான் தைலச் சிமிழோடு நின்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கொஞ்சம் இருங்க சாமி, புள்ள சூடாகட்டும்” என்றார். அவ்வளவுதான். கோவில் முழுவதும் காத்திருந்தது. பத்து நிமிடம் இருக்கும். கம்பளிக்குள்ளே இருந்து ஒரு முனகல் கேட்டது, பிறகு அழுகை. அன்றைக்கு அந்த அழுகையைவிட இனிய கீதம் எனக்கு இருக்கவில்லை. வெள்ளாடையை நான் கம்பளியின் மேலேதான் போர்த்தினேன். மெல்லிய நைலோன் துணி, ஓரமெல்லாம் லேஸ் வைத்தது. பார்வைக்கு அழகு, குளிருக்கு உதவாது.

அன்றிரவு திருமுழுக்குச் சடங்குநூலின் முன்னுரையை எடுத்து வாசித்தேன். காலநிலைக்குத் தேவையானால் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்க வேண்டும் என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் உரோமாபுரியில் இருந்து இந்தச் சடங்குநூலை ஆக்கியவர்களுக்கு ஒரு குழந்தையின் உச்சந்தலை ஞாபகத்தில் இருந்திருக்கிறது. காற்றாடி சுழலும் வகுப்பறையில் அதைப் படித்த எனக்குத்தான் அந்த வரி கண்ணிலே படவில்லை. அடுத்த ஞாயிறு முதல் கோவிற்பிள்ளை ஒரு கேத்தலோடு வரத் தொடங்கினார்.

அப்பாயி செய்ததைப் பெரிய வைத்தியசாலைகள் இப்போது ‘கங்காரு முறை’ என்று அழைக்கின்றன. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டு, எட்கார் ரே சனாப்ரியா என்ற குழந்தை வைத்தியர், குறைமாதக் குழந்தைகளுக்கான சூட்டுப்பெட்டிகள் போதாத நிலையிலே, பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு நெஞ்சுக்கு நெஞ்சாகக் கட்டி வைக்கத் தொடங்கினார். பெட்டி இல்லாத குறைக்குச் செய்த உபாயம், பெட்டியைவிடப் பல வகையில் நல்லது என்று பின்பு தெரியவந்தது. 2022ஆம் ஆண்டு உலக சுகாதார தாபனம், குறைமாதத்திலும் குறைந்த நிறையிலும் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கும்படி பரிந்துரைத்தது. தகப்பனின் மார்பும் உதவும் என்கிறார்கள். சூசையப்பரும் அந்த இரவிலே சும்மா நின்று விளக்குப் பிடித்திருக்க மாட்டார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தத் தோட்டத்து லயங்களைப் பின்பு போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர் காலத்து நீண்ட வரிசைக் கட்டடங்கள். தகரக் கூரை இரவிலே சில்லிட்டு, விடியற்காலையில் உள்ளே வியர்த்துச் சொட்டும். ஒரு காம்பராவுக்குள்ளே சமையலும் படுக்கையும். கதவைத் திறந்தால் பனிக்காற்று, மூடினால் விறகுப் புகை. குளிருக்கு அஞ்சி மூடுகிறார்கள், புகையிலே பிள்ளைக்குச் சளி கட்டுகிறது. தாய் காலையில் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும், பிள்ளை இருட்டோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போக வேண்டும். தோட்டப்புறத்திலே நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டின் மற்றைப் பகுதிகளைவிட அதிகம் என்பது அரசாங்கத்தின் கணக்கெடுப்புகளே காட்டும் உண்மை. ஆக, எந்தப் பிள்ளைக்குக் குளிர் அதிகம் ஆகாதோ அந்தப் பிள்ளை, எங்கே குளிர் அதிகமோ அங்கே பிறக்கிறது.

மோயீசன் வழியாகக் கடவுள் கொடுத்த சட்டங்களில் ஒன்று யாத்திராகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அயலவனின் மேற்போர்வையை ஈடாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவனிடம் உள்ளது அது ஒன்றுதான், அது இல்லாமல் எதைப் போர்த்துக்கொண்டு படுப்பான் என்று ஆண்டவரே கேட்கிறார். அவன் முறையிட்டால் தாம் கேட்பதாகவும் எச்சரிக்கிறார். கடனைத் தள்ளிவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கடன் கடனாகவே இருக்கட்டும், ஆனால் இரவு வந்தால் கடன்காரனுக்கும் குளிரும். எங்கள் நாட்டிலே இது தலைகீழாக நடந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்து மலை ஏறிய தொழிலாளிக்குத் தோட்டத்திலே ஒரு கம்பளி கொடுத்தார்கள். அந்தக் கம்பளியின் விலையும் அவருடைய கடன் கணக்கிலே ஏறியது. போர்வையை ஈடாக வாங்கியதோடு நில்லாமல், போர்வையையே கடனாக்கினார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையையும் இழந்தார்கள். அது திரும்பக் கிடைப்பதற்குப் பல பதிற்றாண்டுகள் சென்றன. காணியோடு கூடிய ஒரு வீட்டுக்கு அவர்களில் பலர் இன்னமும் காத்திருக்கிறார்கள்.

ஆகையால் போர்வை கொடுத்துவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று எவரும் இருந்துவிடக்கூடாது. ஒழுகும் தகரத்துக்குக் கம்பளி பதிலாகாது. மலையக மக்களின் வீடும் காணியும் தர்மத்தின் காரியம் அல்ல, நீதியின் காரியம். திருச்சபை அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், கேட்கச் சலிப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். ஆனால் நீதி வரும்வரை குழந்தை குளிரிலே காத்திருக்கட்டும் என்பதும் கிறிஸ்தவம் ஆகாது. உடுக்க இல்லாத சகோதரனிடம், சமாதானமாய்ப் போய்க் குளிர்காய்ந்துகொள் என்று வாயால் மாத்திரம் சொல்லி அனுப்புகிறவனைப் புனித யாகப்பர் தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலே கடிந்துகொள்கிறார். அவர் கடிந்தது அவிசுவாசியை அல்ல, கோவிலிலே நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்த விசுவாசியை.

வடக்கிலே உள்ள எங்களுக்கு இது தெரியாத காரியமா? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை நினைத்துப் பாருங்கள். மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி யாழ்ப்பாணமே நகர்ந்தது. நான் அப்போது சிறுவன். அம்மா தங்கச்சியின் மாற்றுச் சட்டையை ஒரு சொப்பிங் பையிலே சுற்றித் தம் நெஞ்சுக்குள்ளே வைத்திருந்தார். நகையை எங்கே வைத்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தச் சட்டை விடியும்வரை நனையவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. வன்னியிலே கூடாரங்களுக்குள் மழைக்காலத்தைக் கழித்த தாய்மாரும் எங்கள் வாசகர்களிடையே இருக்கிறார்கள். 2025 நவெம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி மலைநாட்டைப் பிளந்தபோது, நனைந்த உடுப்போடு பாடசாலைக் கட்டடங்களில் ஒதுங்கிய பிள்ளைகளைப் பார்த்து முதலில் கலங்கியவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள். ஈர உடுப்பு உடம்பின் சூட்டை எவ்வளவு விரைவாக உறிஞ்சும் என்று அவர்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மருத்துவ மாதுமார் சொல்லித் தருபவற்றில் சிலவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், பத்திரிகை வீட்டுக்கு வீடு போகிறது என்பதால். பிறந்த பிள்ளையை உடனே குளிப்பாட்ட வேண்டாம். நன்றாகத் துடைத்து, தாயின் மார்பிலே போட்டு, தலைக்குத் தொப்பி வைத்து, முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்க வேண்டும். குளிப்பாட்டுவதற்கு ஒரு நாளாவது பொறுக்கலாம். பாட்டிமார் இதை ஏற்க மறுப்பார்கள், அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். எங்களுக்கு எத்தனை உடுப்பு வேண்டியிருக்கிறதோ அதைவிட ஒன்றிரண்டு அடுக்கு அதிகமாகப் பிள்ளைக்குப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். வியர்க்கும்வரை மூடுவதும் கெடுதி. முகத்தை மூடவே கூடாது. நித்திரையில் பிள்ளையின் மூக்கின் மேலே விழக்கூடிய தளர்ந்த போர்வையும் தலையணையும் ஆபத்தானவை. கால் குளிர்ந்து வயிறும் குளிர்ந்திருந்தால், மார்போடு அணைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக்கூடாது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். மூடிய அறைக்குள்ளே கரிச்சட்டியை வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். அந்தக் கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குத் தப்பப் போய், ஒருவரும் கண்விழிக்காத வீடுகள் உலகின் பல நாடுகளில் ஆண்டுதோறும் உண்டு.

எல்கானாவின் மனைவி அன்னாளை நினைவிருக்கும். அழுது மன்றாடிப் பெற்ற சாமுவேலை ஆலயத்துக்கே கொடுத்துவிட்டவர். சாமுவேலின் முதலாம் ஆகமம் இரண்டாம் அதிகாரம், அவர் ஆண்டுதோறும் ஒரு சிறிய அங்கியைத் தைத்துக்கொண்டு போய் மகனுக்குக் கொடுத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடிவதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் காணாத பிள்ளை. எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அந்தத் தாய் எதைக் கொண்டு அளந்திருப்பார்? கையைக் கொஞ்சம் நீளமாக விட்டே தைத்திருப்பார்.

எங்கள் கோவில் பாலன் குடிலுக்குப் பக்கத்திலே இம்முறை ஒரு பெட்டி வைக்கிறோம். மலைநாட்டுப் பங்குகளுக்குப் போகிற பெட்டி. கம்பளிச் சட்டை, குழந்தைத் தொப்பி, காலுறை, தடித்த துவாய், சிறு போர்வை ஆகியவை தேவை. ஒரு வயதுப் பிள்ளைக்குரியது எப்போதும் குவிந்துவிடும். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் உரியவற்றைப் பெரும்பாலும் எவரும் தருவதில்லை. அந்த வயதிலும் குளிரும். பழையதானாலும் பரவாயில்லை, தோய்த்து நன்றாகக் காயவைத்துத் தாருங்கள். மடிக்குமுன் பொத்தான்களைப் பாருங்கள். போன முறை வந்தவற்றில் பாதிச் சட்டைகளில் பொத்தான்களை வெட்டி எடுத்துவிட்டே அனுப்பியிருந்தார்கள். வின்சென்ட் டி போல் சபையின் வயோதிபத் தாய்மார் இருவர் ஒரு கிழமை முழுவதும் மண்டபத்தில் இருந்து புதுப் பொத்தான் தைத்தார்கள். பெட்டி திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு மாலைவரை அங்கே இருக்கும். மறுநாள் காலை லொறி புறப்படுகிறது.